எல்லிஸ் டங்கனின் கதையை ஏன் 1950இலேயே நிறுத்திவிடுகிறோம்?

பழையரீல்

எல்லிஸ் ஆர். டங்கன் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். தமிழ் தெரியாத அமெரிக்கர் தமிழ்ப் படம் எடுத்தார், எம்.ஜி.ஆரின் முதல் படம் அவருடையது. இரண்டும் உண்மைதான். ஆனால் அதற்கு மேல் யாரும் நகர்வதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1909இல் ஒஹாயோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் அழைத்ததால் 1935இல் இந்தியா வந்தார். சில மாதம் இருந்து பார்ப்போம் என்று வந்தவர், பதினைந்து வருஷம் இருந்துவிட்டார். டாண்டன் அப்போது கே.பி. சுந்தராம்பாளை வைத்து நந்தனார் எடுத்துக்கொண்டிருந்தார். கோவை மருதாசலம் செட்டியார் 'சதி லீலாவதி'க்கு அவரைக் கேட்க, கைவசம் வேலை இருந்ததால் அவர் தன் தோழரைக் கைகாட்டினார். 1936இல் படம் வந்தது. அதற்குப் பிறகு இரு சகோதரர்கள், அம்பிகாபதி, சகுந்தலை, காளமேகம், மீரா, பொன்முடி, மந்திரிகுமாரி என்று வரிசை நீள்கிறது. 1950இல் அமெரிக்கா திரும்பிவிட்டார்.

நாம் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறோம். அவரோ மூடவில்லை. திரும்பிய இரண்டே வருஷத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவோடு கைகோத்து அமெரிக்க நடிகர்களை வைத்து ஒரு படத்தின் தயாரிப்பில் இறங்கினார். அப்புறம் ஹாலிவுட் படங்களுக்காக இந்தியாவுக்கு வந்து வேலை பார்த்தார். மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் சொந்தமாக நிறுவனம் வைத்து ஆவணப் படங்கள் எடுத்தார். 2001இல் அங்கேயே காலமானார்.

என் கருத்து இதுதான். அவரை ஒரு அதிசயப் பிறவியாகப் பார்ப்பதால் அவருக்கும் நியாயம் செய்யவில்லை, அவரோடு வேலை பார்த்த தமிழர்களுக்கும் நியாயம் செய்யவில்லை. இரண்டு நாட்டுத் தொழிலையும் தெரிந்து வைத்திருந்த ஒரு தொழில்காரராக அவரைப் பார்த்தால்தான் முழு உருவம் கிடைக்கும். நண்பர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

மூவியோலா

நல்ல இழை. நான் படத்தொகுப்பு வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரியாத மொழிப் படங்களையும் வெட்டியிருக்கிறேன், அதனால் மொழி தெரியாமல் இயக்குவது பற்றி இரண்டு வார்த்தை.

தெரியாத மொழியில் ஒரு காட்சியைப் பார்க்கும்போது நாம் நினைப்பதைவிட நிறையப் புரியும். நடிகர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே கண்ணைத் தாழ்த்துகிறார், எதிரில் இருப்பவர் எந்த இடத்தில் அசைகிறார் என்பதை வைத்தே வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். தெரியாமல் போவது ஒன்றுதான்: அழுத்தம் சரியான சொல்லில் விழுந்ததா, தவறான சொல்லில் விழுந்ததா என்பது. அதற்கு மொழி தெரிந்த ஒரு காது பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

டங்கன் செய்ததும் அதைத்தான். கதையையும் வசனத்தையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்வார். தமிழ் உச்சரிப்பையும் வசனத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். அவர் கண் முழுக்கச் சட்டகத்தின் (ஃபிரேம்) மேல் இருக்கும். அன்றைய நடிகர்களில் பெரும்பாலோர் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்று பழகிய உடம்பு அது. குரல் பெரிசு, கை வீச்சு பெரிசு. வசனத்தில் மயங்கிப் போகாத ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றால், அந்தக் கை வீச்சுதான் முதலில் கண்ணில் படும். மொழி தெரியாதது அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு உதவியாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கொட்டகைவாசல்

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சொல்லிவிடுகிறேன்.

நகரும் கேமரா, நவீன ஒப்பனை, நெருக்கமான காதல் காட்சி, கட்டுப்பாடான படப்பிடிப்பு என்று எது கேட்டாலும் 'டங்கன் கொண்டுவந்தார்' என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். அதே காலத்தில் கே. சுப்ரமணியம் 1937இல் பாலயோகினியும் 1939இல் தியாகபூமியும் எடுத்தார். சொன்ன விஷயத்தின் துணிச்சலில் டங்கனின் எந்தப் படமும் அவற்றுக்குப் பக்கத்தில் வராது. ராஜா சாண்டோ பம்பாயில் மௌனப் படக் காலத்திலேயே தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். இவர்களை நாம் 'முன்னோடி' என்று ஒரு வரியில் கும்பிட்டுவிட்டு, வெள்ளைக்காரர் என்றதும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம்.

டங்கன் திறமையான தொழில்நுட்பக்காரர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு திரைத்துறையின் வளர்ச்சியை ஒரு ஆளின் கப்பல் பயணத்தோடு முடிச்சுப் போடுவது சரியில்லை.

பழையரீல்

கொட்டகைவாசல், நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். அதனால்தான் அதிசயம் என்ற பார்வை வேண்டாம் என்றேன். 'எல்லாம் அவர்தான்' என்பதும் அதே பார்வையின் இன்னொரு முகம்தான்.

அம்பிகாபதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1937. எம்.கே. தியாகராஜ பாகவதர், எம்.ஆர். சந்தானலட்சுமி, கம்பராக செருகளத்தூர் சாமா, இசைக்குப் பாபநாசம் சிவன். சேலம் கம்பெனியின் படம், படப்பிடிப்பு கல்கத்தாவில். கதை நமக்குத் தெரிந்ததுதான். கம்பர் மகன், சோழன் மகள், நூறு பாட்டு, காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டு நூறு முடிந்ததென்று இளவரசி எழுந்துவிடுவது. டங்கனுக்கு இந்தக் கதை எப்படிப் பிடிபட்டிருக்கும்? ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் வழியாக. அதிலிருந்து சில பகுதிகளைக் குறித்துக் கொடுத்து, இந்த உணர்ச்சி தமிழில் வரவேண்டும் என்று இளங்கோவனிடம் கேட்டிருக்கிறார்.

இளங்கோவன் யார்? மணிக்கொடி இலக்கியப் பத்திரிகை பக்கத்திலிருந்து வந்த எழுத்தாளர். அவர் அந்தப் பகுதிகளை அப்படியே தமிழாக்கி நீட்டியிருந்தால் பாகவதர் வாயில் அது ஒட்டியிருக்காது. உணர்ச்சியை வாங்கிக்கொண்டு இந்த மண்ணின் காதல் பேச்சாகத் திருப்பிக் கொடுத்தார். தமிழ்ப் படத்தில் வசனகர்த்தா என்று ஒருவரைத் தனியாகக் கவனிக்க ஆரம்பித்தது அவரிடமிருந்துதான். ஆக அம்பிகாபதியின் வெற்றி யாருடையது? கேட்கத் தெரிந்த டங்கனுடையது, கொடுக்கத் தெரிந்த இளங்கோவனுடையது. பாதியை அழித்துவிட்டால் மீதி நிற்காது.

கருப்புவெள்ளை

சதி லீலாவதி பற்றி ஒரு சுவையான துணுக்கு. கதை எஸ்.எஸ். வாசனுடையது. குடியால் கெட்டுப்போன ஒருவன், கொலை செய்துவிட்டோம் என்று பயந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடுகிற கதை. அதே சமயத்தில் 'பதிபக்தி' என்று ஒரு நாடகம் படமாகிக்கொண்டிருந்தது. இது எங்கள் கதை என்று வழக்கு வந்தது. விசாரித்துப் பார்த்தால் இரண்டுமே ஹென்றி வுட் அம்மையார் எழுதிய ஓர் ஆங்கில நாவலிலிருந்து பிறந்தவை!

ஆங்கில நாவல், அதைத் தமிழ்ப்படுத்தியது ஒரு பத்திரிகையாசிரியர், பணம் கோவைச் செட்டியாருடையது, இயக்குநர் அமெரிக்கர், போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சின்ன வேஷத்தில் எம்.ஜி.ஆர். சர்வதேசக் கூட்டு என்று இன்றைக்குப் பெரிதாகப் பேசுகிறோமே, 1936இல் அது நம் ஊரில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

ஒளியமைப்பு

மீராவைப் பற்றிப் பேசாமல் எப்படி? எனக்கு டங்கன் என்றாலே அந்தப் படம்தான்.

1945 தீபாவளிக்கு வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி, தயாரிப்பு டி. சதாசிவம், இசை எஸ்.வி. வெங்கட்ராமன், காற்றினிலே வரும் கீதம் எழுதியது கல்கி. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜி என்பதைச் சொல்பவர்கள் குறைவு. டங்கனும் அவரும் சேர்ந்து செய்த ஒரு காரியத்தை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

படப்பிடிப்புக்கு முன்னால் எம்.எஸ். தலையையும் தோளையும் மட்டும் பிளாஸ்டரில் சிலையாகச் செய்ய வைத்தார்கள். அந்தச் சிலையை வைத்து ஒளியைப் பல கோணங்களிலிருந்து விழவைத்துப் பார்த்தார்கள். விளக்கை மேலே தூக்கினால் கண்குழியில் நிழல் எவ்வளவு விழுகிறது, பக்கவாட்டில் கொண்டுபோனால் மூக்கின் நிழல் உதட்டில் எங்கே வெட்டுகிறது, கேமரா கொஞ்சம் கீழே இறங்கினால் தாடை எப்படி மாறுகிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியும். நடிகையைச் சூட்டில் மணிக்கணக்காக நிற்கவைக்க வேண்டாம். சிலைக்குக் கண் கூசாது, வியர்க்காது. பார்த்துக் குறித்துக்கொண்டு, நிஜ முகம் வந்து நிற்கும்போது விளக்கு ஏற்கெனவே தன் இடத்தில் இருக்கும்.

படத்தில் எம்.எஸ். பாடும் நெருக்கக் காட்சிகளை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாடும் முகத்தைப் படம் பிடிப்பது கஷ்டம். வாய் கோணும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் சுருங்கும். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் உறுத்தாது. குரலின் மகிமை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கண் பக்கமும் அந்த அளவு உழைப்பு இருக்கிறது.

இன்னொன்று, சிறுமி மீரா பெரியவளாவது. சிறுமியாக நடித்த ராதா பாட ஆரம்பித்த 'நந்தபாலா' பாட்டு முடிவதற்குள் நம் முன்னால் எம்.எஸ். நிற்கிறார். 'பல ஆண்டுகள் கழிந்தன' என்று எழுத்துப் போடவில்லை, நாள்காட்டித் தாள் பறக்கவில்லை. பாட்டின் கால அளவுக்குள்ளேயே வயது கூடிவிடுகிறது. 1945இல் வந்த படத்தின் காட்சி என்று நம்ப முடியாது.

மூவியோலா

அருமை சார். அந்த வெட்டு எனக்கும் பிடித்தது. பாட்டு அறுபடாமல் ஓடுவதால்தான் அந்தத் தாவல் கண்ணுக்கு உறுத்தவில்லை. தாளம் தொடர்கிற வரை பார்வையாளர் மனசு தாவலை ஏற்றுக்கொள்ளும்.

மீராவின் இந்திப் பதிப்பு 1947இல் வந்தது. அதில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை அறிமுகம் செய்து பேசுகிறார். தெற்கே ஒரு படத்தை எடுத்து வடக்கே முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை அந்தக் குழு எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. துவாரகை, உதய்பூர், சித்தூர் என்று மீரா வாழ்ந்த மண்ணுக்கே போய் எடுத்ததும் அதனால்தான் வடக்கே ஒட்டியது.

அயல்நிலம்

'சர்வதேச' என்ற கோணத்தில் ஒரு ஒப்பீடு தோன்றுகிறது. பார்க்கலாம்.

டங்கன் சென்னையில் வேலை தொடங்கிய அதே காலத்தில் பம்பாயில் ஹிமான்ஷு ராயின் பாம்பே டாக்கீஸில் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டன், ஒளிப்பதிவாளர் யோசெஃப் விர்ஷிங். ஆஸ்டனின் 'அச்சூத் கன்யா'வும் 1936தான். இரண்டு பக்கமும் மொழி தெரியாத இயக்குநர், இரண்டு பக்கமும் உள்ளூர் எழுத்தாளர்களை நம்பிய வேலை.

ஆனால் 1939இல் போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசுக்கு ஜெர்மானியர்கள் எதிரிகள். ஆஸ்டனின் இந்தியப் பயணம் அத்தோடு முடிந்தது, விர்ஷிங் காவலில் வைக்கப்பட்டார். டங்கன் அமெரிக்கர். முதலில் நடுநிலை நாட்டுக்காரர், 1941 கடைசியிலிருந்து நேச நாட்டுக்காரர். அவர் வேலை நிற்கவில்லை. சகுந்தலை 1940, காளமேகம் 1940, தாசிப்பெண் 1943, மீரா 1945. நடுவில் அரசுக்காகச் செய்திப் படங்களும் எடுத்திருக்கிறார். பாஸ்போர்ட்டின் நிறம் மாறியிருந்தால் நமக்கு மீராவே இந்த உருவத்தில் கிடைத்திருக்காது. திறமை, உழைப்பு எல்லாவற்றையும் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்.

கொட்டகைவாசல்

அயல்நிலம், இது எனக்குப் புதிய கோணம். நன்றி. சொன்னதை ஏற்கிறேன்.

பொன்முடி விவகாரத்தையும் யாராவது எழுத வேண்டும். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தை வைத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், 1950. நரசிம்மபாரதியும் மாதுரிதேவியும். காதல் காட்சிகள் வரம்பு மீறுகின்றன, வெள்ளைக்காரர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்று அப்போது பெரிய கண்டனம் கிளம்பியது. இன்றைக்கு அந்தக் காட்சிகளைப் பார்த்தால் எதற்கு இவ்வளவு கூச்சல் என்றுதான் கேட்கத் தோன்றும். எனக்கு நியாயமாகப் படாதது என்னவென்றால், காவியம் பாரதிதாசனுடையது, பணமும் முடிவும் ஸ்டுடியோ அதிபர் டி.ஆர். சுந்தரத்தினுடையது, திட்டு மட்டும் டங்கனுக்கு. முன்னேற்றத்துக்கெல்லாம் அவர் பெயரைப் போடுவது தப்பு என்று மேலே எழுதினேன். பழியையெல்லாம் அவர் தலையில் கட்டுவதும் அதே தப்புதான்.

சேலம்பக்கம்

மாடர்ன் தியேட்டர்ஸ் பேச்சு வந்ததால் நுழைகிறேன். மந்திரிகுமாரியின் தலைப்பு எழுத்துகளில் இயக்குநர்களாக டங்கன், டி.ஆர். சுந்தரம் இருவர் பெயரும் இருக்கிறது. படம் முடிவதற்கு முன்பே டங்கன் அமெரிக்கா கிளம்பிவிட்டார், மீதியைச் சுந்தரம் எடுத்து முடித்தார். வசனம் மு. கருணாநிதி. மூலம் குண்டலகேசி.

எங்கள் பக்கத்தில் இன்றும் பேசப்படும் காட்சி 'வாராய் நீ வாராய்'. மலை உச்சிக்கு மனைவியைக் கூட்டிப்போய்த் தள்ளிவிடப் பார்க்கிறான் பார்த்திபன். உண்மை தெரிந்ததும் அவள், சாகும் முன் உங்களை மூன்று முறை வலம் வரவேண்டும் என்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்றாவது சுற்றில் முதுகுக்குப் பின்னால் வந்ததும் அவனையே தள்ளிவிடுகிறாள். எஸ்.ஏ. நடராஜனின் முகத்தில் அந்தச் சுற்று நடக்கும்போது இருக்கும் அலட்சியம், அப்பப்பா! இது டங்கன் எடுத்ததா, சுந்தரம் எடுத்ததா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். சட்டகங்களை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது என் எண்ணம். ஒரே ஸ்டுடியோ, ஒரே ஆட்கள், ஒரே ஒழுங்கு. டங்கன் போன பிறகும் படம் அவர் இருந்தபோது போலவே ஓடியது என்றால், சுந்தரம் கட்டியிருந்த நிர்வாகம் அவ்வளவு உறுதி.

அப்புறம் 1952இல் வந்த 'தி ஜங்கிள்'. தமிழில் 'காடு'. மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸும் சேர்ந்து தயாரித்தவை. இயக்கியவர் வில்லியம் பெர்க், தயாரிப்பில் டங்கன் இருந்தார். ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி விண்ட்சர் நடித்தார்கள். காட்டில் பழங்கால மயிர் யானைகள் இருக்கின்றன என்பது கதை. நிஜ யானைகள் மேல் ரோமப் போர்வை போர்த்தி எடுத்திருக்கிறார்கள்.

ஒளியமைப்பு

படமாகப் பார்த்தால் அது சுமார்தான். மீரா எடுத்த கை இதிலா என்று வருத்தமாக இருந்தது. யானை, புலி, மகாராஜா, இளவரசி. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற இந்தியா. பதினைந்து வருஷம் இங்கே வாழ்ந்து, கல்கியோடும் இளங்கோவனோடும் வேலை பார்த்த ஒருவர் உலகத்துக்கு எடுத்துக்காட்டியது இதுதானா?

பழையரீல்

ஒளியமைப்பு, அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் தயாரிப்பாளர் பக்கம் நின்று கொஞ்சம் பாருங்கள்.

அமெரிக்கா திரும்பியபோது அவர் கையில் என்ன இருந்தது? பதினைந்து வருஷ அனுபவம், அங்கே யாரும் பார்க்காத மொழியில் எடுத்த படங்கள். மீராவைச் சொல்லி ஹாலிவுட்டில் வேலை கேட்க முடியாது. ஆனால் இந்தியாவில் எந்த ஸ்டுடியோவை நம்பலாம், யானை எங்கே கிடைக்கும், மழை எப்போது வரும், எந்த அதிகாரியைப் பார்த்தால் காட்டுக்குள் கேமரா போகும் என்பது அவருக்குத் தெரியும். விற்கக்கூடிய சரக்கு அதுதான். அதை விற்றார். 1958இல் வந்த 'ஹாரி பிளாக்', 1962இல் வந்த 'டார்ஜான் கோஸ் டு இந்தியா' ஆகியவற்றின் இந்தியப் படப்பிடிப்பு வேலைகளிலும் அவர் இருந்தார்.

இன்று வெளிநாட்டுப் படம் ஒன்று இங்கே படப்பிடிப்புக்கு வந்தால், அனுமதி, ஆட்கள், சாமான், தங்குமிடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள உள்ளூர்த் தயாரிப்பு நிறுவனம் ஒன்று இருக்கும். அந்தத் தொழில் இங்கே பெயர் பெறுவதற்கு முன்பே டங்கன் அதைச் செய்தார். தி ஜங்கிளின் கலையை விட்டுவிட்டு அதன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். நட்சத்திரமும் இயக்குநரும் அங்கிருந்து, ஸ்டுடியோவும் ஆட்களும் மிருகங்களும் காடும் இங்கிருந்து, ஆங்கிலத்தில் ஒன்று தமிழில் ஒன்று என்று இரண்டு சந்தை. சேலத்திலிருந்து 1952இல்! சுந்தரமும் அமெரிக்காவும் ஒரே மேசைக்கு வந்ததற்குக் காரணம், இருவர் கணக்கும் புரிந்த ஒருவர் நடுவில் இருந்ததுதான்.

அயல்நிலம்

அதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. வீலிங்கில் அவர் எடுத்த ஆவணப் படங்கள். நமக்கு அந்தப் படங்கள் சுவாரசியமில்லாமல் தோன்றலாம், ஆனால் அவர் வாழ்நாளின் நீண்ட பகுதி அதுதான். இங்கே பாகவதரையும் எம்.எஸ்.ஸையும் இயக்கியவர் என்று அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கரண் பாலி எடுத்த 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' ஆவணப்படம் 2013இல் வந்த பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைத்தது. பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். அவருடைய தன்வரலாறு 'எ கைட் டு அட்வென்ச்சர்' அவர் மறைந்த அதே 2001இல் வந்தது.

கருப்புவெள்ளை

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் மீரா வேண்டாம். பாட்டில் மயங்கி இயக்கத்தைக் கவனிக்க மாட்டீர்கள். மந்திரிகுமாரியில் தொடங்குங்கள், அப்புறம் அம்பிகாபதிக்குப் பின்னோக்கிப் போங்கள். பதின்மூன்று வருஷத்தில் நடிகர்களின் குரலும் கையும் எவ்வளவு அடங்கியிருக்கின்றன என்று பளிச்சென்று தெரியும். கடைசியில் மீரா.

கொட்டகைவாசல்

ஒரு வேண்டுகோள். மூவியோலா ஆரம்பத்தில் சொன்ன அந்த 'மொழி தெரிந்த காது' யார் யார் என்று படத்துக்குப் படம் தொகுக்க வேண்டும். உதவி இயக்குநர், வசனம் பார்த்துக்கொண்டவர், படத்தொகுப்பாளர். இளங்கோவன் பெயர் தப்பித்துவிட்டது. மற்றவர்கள்? பழைய பிரதிகளில் தலைப்பு எழுத்துகள் பாதி அழிந்திருக்கும். பாட்டுப் புத்தகங்களில்தான் தேட வேண்டும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய சினிமா பாட்டுப் புத்தகங்களின் நல்ல சேகரிப்பு இருக்கிறது.

சேலம்பக்கம்

நான் எடுத்துக்கொள்கிறேன். சேலத்தில் பழைய பாட்டுப் புத்தகம் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைத் தெரியும். மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் இரண்டுக்கும் அவரிடம் கேட்கிறேன். மற்றவற்றைச் சென்னையில் இருப்பவர்கள் பாருங்கள்.

மூவியோலா

சென்னை வேலை என்னுடையது. அம்பிகாபதியிலிருந்து தொடங்குகிறேன். சேலம்பக்கம், படம் எடுக்கும்போது அட்டையையும் பாட்டுகளையும் மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். கதைச் சுருக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் பொடி எழுத்தில் நடிகர்களுக்குக் கீழே தொழில்நுட்பக்காரர்கள் பட்டியல் இருக்கும். அதை நேர்மேலே இருந்து, நிழல் விழாமல் எடுங்கள்.